வடசென்னைக்கு மழை வரும் வழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். ஐப்பசி பிறந்துவிட்டால் கணக்கும் இலக்கணமும் ஓடாது. ஒரு இடி இடித்தால் போதும், மொத்த வகுப்பும் ஜன்னலுக்குப் போய்விடும். பிள்ளைகள் கேட்டவை, அவர்களைக் கூட்டிப்போக வந்த அம்மாக்கள் படிக்கட்டில் நின்று கேட்டவை, காசிமேட்டில் பல வருஷம் கடலுக்குப் போய்வந்த ஒரு தாத்தாவோடு பேசியவை எல்லாம் சேர்ந்ததுதான் இந்தப் பக்கம். நம் பக்கத்தில் மழை என்றாலே தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதுதான் பேச்சு. அது மேலே எப்படி உருவானது, எந்தப் பக்கத்திலிருந்து ஏன் வந்தது என்று தெரிந்தால், அடுத்த சில மணி நேரம் எப்படிப் போகும் என்று ஓரளவுக்கு நாமே கணித்துவிடலாம்.

மேகம்னா கடல் தண்ணி ஆவியாகி மேல போய் நிக்கிறதுதானே டீச்சர்?

பாதி சரி. நீராவியைக் கண்ணால் பார்க்க முடியாது. குக்கர் விசில் அடிக்கும்போது உற்றுப் பாருங்கள். விசில் வாய்க்கு ஒட்டினாற்போல் ஒரு சின்ன இடைவெளியில் ஒன்றுமே தெரியாது. அதுதான் ஆவி. அதற்கு மேலே வெள்ளையாகத் தெரிவது ஆவி குளிர்ந்து மாறிய மிகச் சிறிய நீர்த்துளிகள். மேகமும் அப்படித்தான், அது துளிகளின் கூட்டம்.

ஆவியைக் குளிரவைப்பது உயரம். காற்று மேலே ஏறும்போது சுற்றிலும் அழுத்தம் குறைகிறது. காற்று விரிகிறது, விரியும்போது குளிர்கிறது. சைக்கிள் ட்யூபின் வால்வை அழுத்திக் காற்றை இறக்கினால் விரலில் சில்லென்று படுமே, அதே கதைதான். ஈரம் படியத் தொடங்காத காற்று ஒவ்வொரு கிலோமீட்டர் ஏறும்போதும் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் குளிரும். ஒரு கட்டத்தில் அதனால் தன் ஆவியைத் தாங்க முடியாமல் போகும். அந்த உயரம்தான் மேகத்தின் அடிப்பரப்பு. மேகங்கள் பெரும்பாலும் அடியில் தட்டையாக, மேலே குவியல் குவியலாக இருப்பதற்குக் காரணம் இதுவே. கோடு போட்டதுபோல் ஒரே உயரத்தில்தான் ஆவி துளியாகத் தொடங்குகிறது.

ஆக, மழைக்கு ஈரம் மட்டும் போதாது. ஈரக்காற்றை யாராவது தூக்கிவிட வேண்டும். மே மாதம் ராயபுரத்தில் உடம்பெல்லாம் பிசுபிசுக்கும், மழை மட்டும் வராது. ஈரத்துக்குக் குறைவில்லை, தூக்கிவிட ஆள் இல்லை. கீழே வரப்போகும் பல பதில்கள் அந்தத் தூக்குதலைப் பற்றியவைதான்.

ஆவி தானாகவே துளியாகிவிடுமா?

ஆகாது. ஒட்டிக்கொள்ள ஏதாவது ஒரு தூசி வேண்டும். சுத்தமாக வடிகட்டிய காற்றில் ஆவி தானாகத் துளியாக வேண்டுமென்றால், சாதாரணமாகத் தாங்கும் அளவைப்போல் பல மடங்கு ஈரத்தை அதில் அடைக்க வேண்டியிருக்கும். இயற்கையில் அப்படி நடப்பதில்லை. காற்றில் எப்போதும் மண்தூசி, புகை, கடலுப்புத் துகள்கள் மிதக்கின்றன. உப்பு இதில் கெட்டிக்காரன். ஐப்பசியில் உப்பு ஜாடி நசநசவென்று ஊறிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். அலை உடையும்போது தெறிக்கும் திவலை காய்ந்து மிஞ்சும் உப்புத்துகள் மேலே போய், அதேபோல ஈரத்தை இழுத்துத் துளிக்கு விதையாகிறது. காசிமேட்டுப் பக்கம் ஜன்னல் கம்பிகளை வருஷத்துக்கு ஒரு பெயின்ட் கேட்க வைக்கும் அதே உப்புதான்.

மேகத்துல அவ்வளவு தண்ணி இருந்தா ஏன் உடனே விழல?

தண்ணீர் அவ்வளவு இருப்பது உண்மை. ஒரு கன மீட்டர் மேகத்தில் அரை கிராம் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால்கூட, நீளம் அகலம் உயரம் ஒவ்வொன்றும் ஒரு கிலோமீட்டர் உள்ள சாதாரண வெள்ளை மேகத்தில் 500 டன் தண்ணீர் இருக்கும். ஆனால் அது கோடானுகோடித் துகள்களாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு மேகத்துளியின் குறுக்களவு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. அது விழும் வேகம் விநாடிக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர். மேலே ஏறும் காற்று அதைச் சுலபமாகத் தாங்கிவிடும். தப்பி விழுந்தாலும் மேகத்துக்குக் கீழே உள்ள காய்ந்த காற்றில் சில நொடிகளில் மறைந்துவிடும்.

அப்போ மேகத்துளி எப்படி மழைத்துளி ஆகுது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். 2 மில்லிமீட்டர் மழைத்துளி ஒன்று உருவாக ஏறக்குறைய 10 லட்சம் மேகத்துளிகள் ஒன்றுசேர வேண்டும். ஒவ்வொரு துளியும் ஆவியை உறிஞ்சித்தான் வளர வேண்டும் என்றிருந்தால் நாள்கணக்கில் ஆகும். ஆனால் கண்ணெதிரே கருத்த மேகம் அரை மணி நேரத்தில் கொட்டத் தொடங்குகிறதே. அதற்கு இயற்கையிடம் இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, மோதி ஒன்றாவது. எல்லாத் துளிகளும் ஒரே அளவில் இருப்பதில்லை. உப்புத்துகள் போன்ற பெரிய விதையில் பிறந்தது கொஞ்சம் பெரிதாக இருக்கும், அதனால் கொஞ்சம் வேகமாக இறங்கும். இறங்கும் வழியில் சின்னத் துளிகளை முட்டிச் சேர்த்துக்கொள்ளும். சேரச்சேரப் பெரிதாகும், பெரிதாகப் பெரிதாக இன்னும் வேகமாக இறங்கி இன்னும் பலவற்றைச் சேர்க்கும். மழை பெய்யும்போது பஸ் கண்ணாடியில் ஒரு சொட்டு வழிந்து இறங்கும்போது கீழே உள்ள சொட்டுகளையெல்லாம் விழுங்கிக்கொண்டு விரைவதைப் பார்த்திருப்பீர்கள். கிட்டத்தட்ட அதேதான். கடல்மேல் உள்ள மேகங்களில் இது நன்றாக நடக்கும். அங்கே துளிகள் எண்ணிக்கையில் குறைவு, அளவில் பெரிது. நம் கரைக்கு விடியற்காலையில் வந்து, இடியில்லாமல் பத்து நிமிஷம் கொட்டிவிட்டு ஓடும் மழையில் பெரும்பாலும் இந்த வழிதான் வேலை செய்கிறது.

இரண்டாவது வழி பனிக்கட்டி. சென்னையில் எங்கே பனிக்கட்டி என்று கேட்காதீர்கள். நம் தலைக்கு மேலே ஏறக்குறைய 5 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பம் பூஜ்யம் டிகிரி. இடிமேகம் 15 கிலோமீட்டருக்கும் மேலே போகும். அப்படியானால் அதன் பெரும்பகுதி உறையும் குளிர் உள்ள உயரத்தில்தான் இருக்கிறது. வியப்பு என்னவென்றால், அங்கே எல்லாத் துளியும் உறைந்துவிடுவதில்லை. மிகச் சிறிய சுத்தமான துளி பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி நெருங்கும்வரைகூட தண்ணீராகவே இருக்கும். அப்படி உறையாமல் கிடக்கும் துளிகளுக்கு நடுவில் ஒரு பனிப்படிகம் உருவாகிவிட்டால், சுற்றியுள்ள ஆவி படிகத்தின் மேல் போய்ப் படியும், துளிகள் வற்றிக்கொண்டே போகும். படிகம் கொழுத்து, எடை கூடி விழத் தொடங்கும். பூஜ்யம் டிகிரி உயரத்தைத் தாண்டியதும் உருகி மழைத்துளியாகிவிடும். பனிப்படிகம் துளிகளின் ஆவியை இழுத்துக்கொள்ளும் என்ற கருத்தை 1911இல் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் எழுதினார். கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்னவரும் அவர்தான். சுவீடனின் டோர் பெர்கெரோன் 1930களில் அதை மழைக்கான விளக்கமாக விரித்தார். பிறகு வால்டர் ஃபிண்டைசென் அதைச் செம்மைப்படுத்தினார்.

நம் ஊரில் இடியோடு கொட்டும் பெருமழையில் நிறையச் சொட்டுகள் மேலே பனியாக இருந்தவை. இதற்குச் சாட்சி நம் பக்கத்திலேயே இருக்கிறது. ராஜாஜி சாலையில் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டடத்தின் உச்சியில் பந்துபோல் ஒரு கூடு இருக்கிறதே, அதற்குள் வானிலைத் துறையின் ரேடார் சுழல்கிறது. அலையை அனுப்பி, மழையில் பட்டுத் திரும்புவதை வைத்து மழையைப் பார்க்கும் கருவி அது. 2002 முதல் அது டாப்ளர் ரேடார், அதாவது துளிகள் நகரும் வேகத்தையும் அளப்பது. நாட்டில் வானிலைக்காக நிறுவப்பட்ட முதல் டாப்ளர் ரேடார் அது. சீராகப் பெய்யும் மழையில் அத்தகைய ரேடார் மேலிருந்து கீழ்வரை பார்த்தால், பனி உருகும் உயரத்தில் ஒரு பட்டை மட்டும் பளிச்சென்று தெரியும். பாதி உருகிய பனித்துகள் வெளியே ஈரம் பூசிக்கொண்டு பெரிய மழைத்துளிபோல் அலையைத் திருப்பி அனுப்புவதால் வரும் பளிச். மண்ணடியில் ஒருவர் குடையை விரிக்கும்போது, அவர் தலைக்கு நேர்மேலே பனி உருகிக்கொண்டிருக்கிறது.

மழைத்துளி படத்துல வரையுற மாதிரி மேல கூர்மையா இருக்குமா?

இல்லை. சிறிய துளி உருண்டை. 2 மில்லிமீட்டருக்கு மேல் போனால் கீழிருந்து காற்று தள்ளுவதால் அடி தட்டையாகி, மேல் பக்கம் உப்பிய பன் போல இருக்கும். 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் நடுவில் குழிந்து உடைந்துவிடும். அதனால்தான் எவ்வளவு பெரிய மழையிலும் எலுமிச்சை அளவுக்குச் சொட்டு விழுவதில்லை. 2 மில்லிமீட்டர் துளி விநாடிக்குச் சுமார் ஆறரை மீட்டர் வேகத்தில் இறங்கும். பெரிய துளி ஒன்பது மீட்டர். அதாவது மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல். முகத்தில் அறைந்தால் வலிப்பது அதனால்தான்.

தூறல், சாரல், மழை: எல்லாம் ஒண்ணுதானா?

அளவை வைத்துப் பிரிக்கலாம். அரை மில்லிமீட்டருக்குக் குறைந்த துளி தூறல். அது உயரம் குறைந்த, படர்ந்த மேகத்திலிருந்து வருவது. துளிக்கு வளர நேரமும் இடமும் கிடைக்கவில்லை. சாரல், தூவானம் என்பவை காற்றில் சாய்ந்து அடிப்பதையும் ஓரத்தில் தெறிப்பதையும் குறிக்கும் நம் சொற்கள். அறிவியல் வகை அல்ல. அடைமழை என்பது விடாமல் பெய்வது. மழை எவ்வளவு நேரம், எப்படிப் பெய்கிறது என்பதற்கெல்லாம் தமிழில் இவ்வளவு சொற்கள் இருப்பது எனக்குப் பெருமை.

லண்டன் என்றாலே மழை என்பார்கள். அங்கே ஆண்டுக்குச் சுமார் 60 செ.மீ.தான். சென்னையில் சுமார் 140 செ.மீ. அங்கே தூறலாக நாள் முழுக்கப் பெய்வதை இங்கே பெரிய சொட்டுகளாகச் சில நாள்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது.

பனி மழை, ஆலங்கட்டி எல்லாம் எப்படி வருது? நம்ம ஊருக்கு வராதா?

மேலிருந்து விழும் நீரின் வடிவத்தைத் தீர்மானிப்பது அது கடந்துவரும் காற்றின் வெப்பம். மேலிருந்து தரைவரை உறைநிலைக்குக் கீழே இருந்தால் படிகம் உருகாமல் வெண்பனியாக விழும். காஷ்மீரிலும் இமாசலத்திலும் நடப்பது அது. நடுவில் ஒரு வெதுவெதுப்பான அடுக்கு இருந்து, கீழே மறுபடி குளிர் அடுக்கு தடிமனாக இருந்தால், உருகிய துளி மீண்டும் உறைந்து கண்ணாடி மணிபோல விழும். கீழ்க் குளிர் அடுக்கு மெலிதாக இருந்தால் துளி தண்ணீராகவே வந்து, தொட்ட இடத்தில் உறையும். மரக்கிளை, மின்கம்பி எல்லாவற்றிலும் பனிக்கட்டி பூசி முறித்துவிடும். வட அமெரிக்காவில் பனிப்பொழிவைவிட அதற்கு அஞ்சுகிறார்கள்.

ஆலங்கட்டி வேறு கதை. அதற்குக் குளிர்நாடு தேவையில்லை, வீரியமான இடிமேகம்தான் தேவை. மேகத்துக்குள் ஒரு பனிமணியை மேலேறும் காற்று தாங்கிப் பிடித்துக்கொண்டே இருக்க, உறையாத துளிகள் அதன்மேல் மோதி மோதி உறையும். காற்றால் தாங்க முடியாத எடை வந்ததும் கீழே விழும். நறுக்கிப் பார்த்தால் வெங்காயம்போல அடுக்கு அடுக்காக இருக்கும். 1986 ஏப்ரலில் வங்கதேசத்தின் கோபால்கஞ்சில் விழுந்தவற்றில் ஒன்று ஒரு கிலோவுக்கு மேல் எடை இருந்ததாகப் பதிவு உண்டு. அன்று 92 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் ஓசூர், கிருஷ்ணகிரி போன்ற மேட்டுநிலப் பகுதிகளில் சித்திரை, வைகாசியில் அவ்வப்போது விழும். சென்னையில் அபூர்வம். உறையும் குளிர் 5 கிலோமீட்டர் மேலே இருக்கிறது, நாமோ கடல் மட்டத்தில் இருக்கிறோம். அந்த 5 கிலோமீட்டர் வெதுவெதுப்பைக் கடப்பதற்குள் சின்னக் கட்டி கரைந்து பெருஞ்சொட்டாகிவிடும். மே மாத மழையின் முதல் சில சொட்டுகள் பெரிதாக, ஐஸ்போல் சில்லென்று விழுந்தால், அது வழியில் கரைந்த ஆலங்கட்டியாக இருக்கலாம்.

மார்கழிப் பனியும் மழை வகைதானே?

இல்லை. தமிழில் ‘பனி’ என்ற ஒரே சொல் நான்கு வேலை பார்ப்பதால் வரும் குழப்பம் இது. புல்லில் காலையில் நிற்கும் பனித்துளி மேலிருந்து விழுந்ததல்ல. குளிர்ந்த இலையின்மேல் பக்கத்துக் காற்றின் ஆவி படிந்தது. ஐஸ் மோர் டம்ளர் வெளியே வியர்ப்பதுபோல. மூடுபனி, தரையைத் தொட்டு நிற்கும் மேகம். ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் புல்வெளி வெளுத்துக் கிடப்பது உறைபனி. ஆவி நேராகப் புல்லின்மேல் உறைந்தது. இவை எதுவும் மழைவகையில் சேராது. மேலிருந்து விழுவதுதான் மழைவகை.

போகியன்று விடியற்காலையில் நம் பக்கம் எதிர்வீடு தெரியாமல் போவதற்கும் இதோடு தொடர்பு உண்டு. ஈரமான மார்கழிக் காற்றில் டயரும் பழந்துணியும் எரித்த புகை கோடிக்கணக்கில் விதைகளைத் தூவுகிறது. துளிகள் மிகச் சிறிதாக, மிக அதிகமாக உருவாகி விழாமல் தொங்குகின்றன. மூச்சுத்திணறல் உள்ள குழந்தைகள் இருக்கும் தெருவில் தயவுசெய்து டயர் எரிக்காதீர்கள்.

மழைக்காற்றைத் தூக்கிவிடுவது எது? அதைப் பொறுத்து மழை மாறுமா?

மாறும். பாடப்புத்தகத்தில் வெப்பச்சலன மழை, மலைத்தடுப்பு மழை, சூறாவளி மழை என்று மூன்று போட்டிருப்பார்கள். பிள்ளைகள் மனப்பாடம் செய்து மறந்துவிடுவார்கள். நம் வீட்டு மாடியில் நின்று பார்த்தால் மறக்காது.

மலைத்தடுப்பு மழை நமக்கு இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி ஏறும் காற்று கேரளப் பக்கம் கொட்டிவிட்டு, இறங்கும்போது சூடாகிக் காய்ந்துவிடுகிறது. மேகாலயாவின் மௌசின்ராமில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,187 செ.மீ. பெய்வதும் மலையின் வேலைதான்.

வெப்பச்சலன மழை நமக்கு ஜூன் முதல் செப்டம்பர்வரை. பகலெல்லாம் நிலம் காய்கிறது. மதியம் கடற்காற்று உள்ளே புகுந்து, மேற்கிலிருந்து வரும் சூடான காற்றைச் சந்திக்கிறது. இரண்டும் முட்டும் கோட்டில் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. திருத்தணி, அரக்கோணம், திருவள்ளூர் பக்கம் இடிமேகங்கள் எழும்புகின்றன. உயரத்தில் வீசும் மேற்குக் காற்று அவற்றைக் கடலை நோக்கித் தள்ளிக்கொண்டு வருகிறது. அதனால்தான் ஆடி, ஆவணியில் மழை மேற்கே கருத்து, சாயங்காலமோ இரவோ, தூசிக்காற்றோடும் இடியோடும் வரும். ஒரு மணி நேரம் ஆட்டம் போட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விடும்.

ஐப்பசி முதல் மார்கழிவரை எல்லாம் தலைகீழ். வடகிழக்குப் பருவக்காற்று வங்கக்கடல் ஈரத்தை வாரிக்கொண்டு கரைக்கு வருகிறது. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதத்தில்தான். இப்போது மழை கடல் பக்கமிருந்து வரும். இரவிலும் விடியற்காலையிலும் கூடுதலாக வரும். இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்து, குளிர்காற்று கடலை நோக்கி நகர்கிறது. எதிரே ஈரக்காற்று. இரண்டும் கரையை ஒட்டி முட்டி மேலே எழும்ப, எண்ணூரிலிருந்து திருவொற்றியூர், ராயபுரம் வரை கரையோரம் கொட்டும். அதே நேரம் ஆவடியில் சும்மா தூறும்.

காசிமேட்டுத் தாத்தாவிடம் இதை விளக்கியபோது அவர், “கொண்டல் அடிச்சா மழைதாம்மா, இதுல என்ன புதுசு” என்றார். கொண்டல் என்பது கீழ்க்காற்று, கிழக்கிலிருந்து வருவது. மழைமேகத்துக்கும் அதே பெயர்தான். நீரைக் கொண்டது கொண்டல். கிழக்குக்கரை மக்கள் காற்றுக்கும் மேகத்துக்கும் ஒரே பெயர் வைத்ததில் இந்தப் பதிலின் பாதி அடங்கியிருக்கிறது.

எங்க தெருவுல கொட்டுது, மின்ட்ல ஒரு சொட்டு இல்லைங்கறாங்க. எப்படி?

ஒரு தனி இடிமேகத்தின் அகலம் சில கிலோமீட்டர்தான். ஆயுள் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். எழும்பும், கொட்டும், கொட்டும்போதே கீழிறங்கும் குளிர்காற்றால் தன் மூச்சைத் தானே அடைத்துக்கொள்ளும். தண்டையார்பேட்டையில் விழுந்து மின்ட்டில் விழாததில் அதிசயமில்லை. ரேடாரில் நம் தலைக்கு மேல் மழை காட்டியும் கீழே ஒரு சொட்டு விழாத நாளும் உண்டு. காய்ந்த காற்றில் சொட்டுகள் வழியிலேயே ஆவியாகியிருக்கும்.

மேகவெடிப்புன்னா மேகம் வெடிக்கிறதா?

பெயர் மிரட்டுகிறது. ஒரு சின்னப் பகுதியில் ஒரு மணி நேரத்தில் 10 செ.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால் வானிலைத் துறை அதை மேகவெடிப்பு என்கிறது. மலைநாட்டுச் செய்தியாகவே அதைக் கேட்டுப் பழகியிருந்தோம். 2025 ஆகஸ்ட் 30 இரவு அது நம் வாசலுக்கு வந்தது. மணலியில் 27 செ.மீ., மணலி புதுநகரில் 26, விம்கோ நகரில் 23. மேலே சொன்ன மேற்குப் பக்கத்து இடிமேகம்தான் அன்றும். ஆனால் நகராமல் அதே இடத்தில் நின்றது. ஒன்று ஓய ஓயப் பக்கத்தில் இன்னொன்று எழும்பி அதே இடத்தில் கொட்டியது. சென்னையின் ஓராண்டு மழையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஒரே ராத்திரியில். மழையின் கடுமை எவ்வளவோ, மேகம் எவ்வளவு நேரம் நகராமல் நின்றது என்பதும் அதே அளவு முக்கியம்.

செய்தியில 10 சென்டிமீட்டர்னு சொல்றாங்களே, அது எவ்வளவு தண்ணி?

பெய்த நீர் ஓடாமல், ஊறாமல், ஆவியாகாமல் நின்றால் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதுதான் அந்தக் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். உங்கள் மொட்டை மாடி அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 செ.மீ. மழைக்கு அதன்மேல் விழும் தண்ணீர் ஏறத்தாழ 11,150 லிட்டர். கோடையில் 12,000 லிட்டர் லாரிக்குத் தவம் கிடக்கிறோமே, கிட்டத்தட்ட அந்த ஒரு லாரி. மணலியில் அந்த ஒரு ராத்திரி அதே மாடிக்கு இரண்டரை லாரி. 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் உள்ளே புகுந்த கதை தெரிந்தவர்கள், தங்கள் வீட்டுக் குழாய் உண்மையிலேயே குழிக்குப் போகிறதா என்று இந்த வாரமே திறந்து பாருங்கள்.

இன்னொன்று. செய்தியில் சொல்லும் அளவு நேற்றுக் காலை 8:30 முதல் இன்று காலை 8:30 வரை பெய்தது. நள்ளிரவோடு நாள் மாறாது. நேற்று ராத்திரி பெய்தது ஏன் இன்றைய கணக்கில் வருகிறது என்று பிள்ளைகள் கேட்பதற்குப் பதில் இதுதான்.

வீட்டிலேயே அளக்கலாம். பக்கவாட்டில் நேராக, அகலம் மாறாத டப்பாவை மாடியின் நடுவில், சுவரும் தொட்டியும் மறைக்காத இடத்தில் வைத்து, ஸ்கேல் வைத்துப் பாருங்கள். வாட்டர் பாட்டிலின் கழுத்து குறுகல், அதை அப்படியே வைத்தால் கணக்கு தப்பும்.

கனமழை, மிக கனமழை: இதுக்கு அளவு உண்டா?

உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 வரை கனமழை. 204.4 வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. எச்சரிக்கை நிறங்களில் மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் நடவடிக்கையில் இறங்குங்கள்.

புயல் ஆந்திராவுக்குப் போயிருச்சுன்னாங்க, ஆனா நாம ஏன் மூழ்கினோம்?

மிக்ஜாம் புயலைக் கேட்கிறீர்கள். 2023 டிசம்பர் 5 அன்று அது கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகில். ஆனால் அதற்கு முந்தைய இரண்டு நாள்கள் நம் கரைக்கு வெளியே மெதுவாக நகர்ந்தது. புயலின் மழை மையத்தில் மட்டும் இருப்பதில்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குச் சுருள்சுருளான மேகப்பட்டைகளாகப் பரவியிருக்கும். கடலின் ஆவி மேலே துளியாகும்போது வெப்பத்தை விடுகிறது. ஒரு கிலோ ஆவிக்கு ஏறக்குறைய 25 லட்சம் ஜூல். அந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தூக்கும், கீழே இன்னும் ஈரக்காற்று வந்து சேரும். புயலின் எரிபொருள் மழைதான். வெதுவெதுப்பான கடலின்மேல் அது தாமதிக்கும்வரை பட்டை மாற்றிப் பட்டை நம்மேல் அடிக்கும். புயல் எங்கே கரையேறும் என்பது காற்றுக்கான கேள்வி. மழைக்கு, அது எவ்வளவு நேரம் பக்கத்தில் இருக்கும் என்று கேளுங்கள்.

புயலே இல்லாமலும் மூழ்கலாம். 2024 அக்டோபரில் ஒரு சாதாரணக் காற்றழுத்தத் தாழ்வு, 16ஆம் தேதி காலையோடு முடிந்த ஒரு நாளில், சோழவரத்தில் 30 செ.மீ., செங்குன்றத்தில் 28 செ.மீ. கொட்டியது.

ஆலைப் பக்கம் பெய்யும் மழை அமில மழையா?

சுத்தமான மழையே லேசாக அமிலம்தான். அமிலத்தை அளக்கும் அளவுகோல் பி.எச். அது 7க்குக் கீழே இறங்க இறங்க அமிலம் கூடும். காற்றிலுள்ள கரியமில வாயு கரைவதால் மழையின் பி.எச். சுமார் 5.6 இருக்கும். நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது வரும் கந்தக டைஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் துளியில் கரைந்தால் அது இன்னும் கீழே இறங்கும். அதைத்தான் அமில மழை என்கிறோம். எண்ணூர், மணலிச் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க முழு உரிமை உள்ளவர்கள். மழைநீரின் பி.எச். அளவை வட்டாரவாரியாக எளிய தமிழில் தொடர்ந்து வெளியிட வேண்டும் என்பது என் கோரிக்கை. இப்போதைக்கு ஒன்று: நாள்பட்ட வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழையின் முதல் கால் மணி நேரத்து நீரைத் தொட்டிக்குப் பிடிக்காதீர்கள். காற்றில் தொங்கிய கரியும் தூசியும் மாடிக் குப்பையும் அதில்தான் இறங்கும்.

மண்வாசனை?

காய்ந்த மண்ணிலும் கல்லிலும் ஊறியிருந்த தாவர எண்ணெய்களும், மண்ணில் வாழும் பாக்டீரியா உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளும், சொட்டு விழும்போது நுண்குமிழாய்த் தெறித்து எழும்புவது. 1964இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இருவர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார்கள். சிமென்ட் தெருவில் அது குறைவு. ஒரு வேப்பமரத்தடி மண்ணாவது மூடாமல் விட்டுவையுங்கள்.

மழையை வரவைக்க முடியுமா?

மேகமே இல்லாத வானத்தில் முடியாது. 1946இல் அமெரிக்காவில் வின்சென்ட் ஷேஃபர் உறையாத மேகத்துளிகளின் நடுவே உலர்பனிக்கட்டி (உறைந்த கரியமில வாயு) தூவிப் படிகங்களை உண்டாக்கினார். பெர்னார்ட் வோனகட் அதே வேலைக்கு வெள்ளி அயோடைடு உதவும் என்று கண்டார். மேலே சொன்ன இரண்டாவது வழிக்கு ஒரு தள்ளு கொடுப்பது, அவ்வளவுதான். தயாராக நிற்கும் மேகத்திலிருந்து கொஞ்சம் கூடுதலாகக் கறக்கலாம். மேகத்தைச் செய்ய முடியாது.

கடைசியா ஒண்ணு டீச்சர். மழை வருதுன்னா ஃபிரிட்ஜைச் செங்கல் மேல ஏத்தணுமா வேணாமா?

புளியந்தோப்பு, பட்டாளம், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பிள்ளைகள் எல்லாரும் கேட்பது இதுதான். நான் பார்ப்பது இவை. மழை மேற்கிலிருந்து, சாயங்காலம், இடியோடு வந்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தீரும். வானிலைத் துறையின் ரேடார் படத்தைப் பத்து நிமிஷ இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். மேகம் கடலை நோக்கி நகர்ந்தால் பயமில்லை. அதே இடத்தில் நின்றால், அல்லது அதன் பின்னாலேயே புதிது முளைத்தால், மணலியின் அந்த இரவை நினைத்துக்கொள்ளுங்கள்.

மழை கிழக்கிலிருந்து, கொண்டலோடு, ராத்திரி வந்தால் கணக்கு வேறு. பட்டை பட்டையாக விட்டுவிட்டு வரும். நடுவில் வெயில் அடித்தாலும் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். தாழ்வு மண்டலம் கரைக்கு அருகில் நகராமல் நிற்கிறது என்று செய்தி வந்தாலோ, துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினாலோ, அன்றே ஏற்றிவிடுங்கள். கூடவே கடல் ஓதத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டேரி நல்லாவும் கேப்டன் காட்டன் கால்வாயும் பக்கிங்காம் கால்வாயில்தான் போய்ச் சேருகின்றன. ஓதம் ஏறி, காற்றும் கரையை நோக்கித் தள்ளும்போது முகத்துவாரத்தில் கடல் தண்ணீரை உள்வாங்காது. அப்போது 6 செ.மீ. மழைகூட வாசல்படி ஏறும்.

இரண்டு அடுக்குச் செங்கல் போதாது, மூன்று வையுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஏற்றுங்கள். கேஸ் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டுங்கள், வெள்ளத்தில் அது மிதக்கும். பிள்ளைகளின் சான்றிதழ், ரேஷன் கார்டு, மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு மாடியில் இருப்பவர்களிடம் கொடுத்துவையுங்கள். மாடி இல்லாதவர்கள் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவரலாம்.